கரண்ட் போய் வந்த பிறகு ஆடிட் பதிவு நின்றுபோனால்

போன கார்த்திகையில் மண்டபம் ஊரில் இரண்டு நாள் விடாத மழை. இரண்டாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. யுபிஎஸ் முக்கால் மணி நேரம் தாங்கியது. அதற்கு மேல் முடியாமல் நண்டுக் கம்பெனியின் சர்வர் அணைந்துவிட்டது. விடியற்காலையில் கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொண்டது. நான் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து பார்த்தேன். யார் எந்தக் கோப்பைத் தொட்டார் என்று பதிவு செய்யும் லினக்ஸின் ஆடிட் சேவை பச்சை நிறத்தில் 'ஆக்டிவ், ரன்னிங்' என்றது. எதைக் கவனிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் விதிகளைக் கேட்டேன், நாலு வரி ஓடியது. சரி, எல்லாம் இருக்கிறது என்று மடிக்கணினியை மூடிவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து முதலாளி கூப்பிட்டார். பெரிய நண்டின் விலை கோப்பில் மாறியிருக்கிறது, யார் கை வைத்தது என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் ஆடிட் பதிவே. விலைக் கோப்பை யார் திறந்து எழுதினாலும் எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். தேடினேன். 'நோ மேட்சஸ்' என்று வந்தது. கரண்ட் போன ராத்திரிக்குப் பிறகு அந்தக் கோப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எல்லோர் பார்வையும் எடை போடும் தம்பி மேல் விழுந்தது. அவன் செய்தான் என்றும் காட்ட முடியவில்லை, செய்யவில்லை என்றும் காட்ட முடியவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே அவன் வேலையை விட்டு நின்றுவிட்டான். அந்தப் பதிவு ஒழுங்காக ஓடியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதனால்தான் ரீபூட்டுக்குப் பிறகு ஆடிட் நின்றுபோனால் எங்கே, எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை நான் போனில் சொல்லும் விதத்திலேயே, காதில் விழுகிற ஒலியில் எழுதுகிறேன். 'ஆடிட்சிடிஎல்' என்றால் ஆடிட் என்ற சொல்லோடு சி, டி, எல் மூன்றையும் இடைவெளி விடாமல் ஒட்டி அடிக்க வேண்டும். நடுவில் வரும் டி, டைகரின் டி. 'ஆடிட்-டி' என்பது சேவையின் பெயர்; கடைசி டி, டாக் என்பதன் டி, அதையும் ஹைஃபன் இல்லாமல் ஒட்டியே அடிக்க வேண்டும்; சிஸ்டம்-டியும் அப்படித்தான். எழுத்து பெரியதா சின்னதா என்பது இங்கே முக்கியம். தேவையான இடத்தில் சொல்கிறேன், மற்றதெல்லாம் சின்ன எழுத்து. என் மெஷினில் இருப்பது ஆல்மா லினக்ஸ் 9. உபுண்டு, டெபியனிலும் பெரும்பாலும் இதே கதைதான். மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேர் செய்யும் வேலை

கரையில் நண்டு எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தராசு முன்னால் ஒருவர் நின்று எடையைச் சத்தமாகச் சொல்வார். பக்கத்தில் ஒருவர் நோட்டில் எழுதுவார். எந்தப் பெட்டியை எடை போட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். லினக்ஸ் ஆடிட்டும் அப்படித்தான். நடப்பதைப் பார்த்துச் சொல்வது லினக்ஸின் மையமான கர்னல். எழுதுவது ஆடிட்-டி என்ற டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல். எதைக் கவனிக்க வேண்டும் என்ற சீட்டு, விதிகள். ரீபூட் ஆகும்போது இந்த மூன்றும் தனித்தனியாக எழுந்து வர வேண்டும்.

சேவை பச்சையாக இருக்கிறது என்றால் எழுதுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். சீட்டு வந்து சேர்ந்ததா, அதில் எல்லா வரியும் இருக்கிறதா என்பதை அந்தப் பச்சை நிறம் சொல்லாது. நான் தவறியது அங்கேதான். ஆடிட் 3 வரிசைப் பதிப்புகளில் விதிகளை ஏற்றும் கட்டளை, சேவைக் கோப்பில் 'எக்ஸெக் ஸ்டார்ட் போஸ்ட்' என்ற வரியில் ஒரு கழித்தல் குறியோடு இருக்கிறது. அந்தக் குறி இருந்தால் கட்டளை தோற்றாலும், சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்-டி அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. விதிகள் பாதியில் அறுந்தாலும் சேவை பச்சையாகவே நிற்கும். 4.0 பதிப்பிலிருந்து விதிகளை ஏற்றுவதற்கு 'ஆடிட் ஹைஃபன் ரூல்ஸ்' என்று தனிச் சேவையே வந்துவிட்டது. புதிய பதிப்புக்கு ஏறியவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்று இயக்கத்தில் இருந்து இன்னொன்று இல்லாமல் போக வாய்ப்பு உண்டு.

எதையும் தொடுவதற்கு முன்

பதிவு நின்றுவிட்டது என்று தெரிந்ததும் கை தானாக 'ரீஸ்டார்ட்' அடிக்கப் போகும். வேண்டாம். முதலில் இப்போதைய நிலையை அப்படியே ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். 'ஜர்னல்சிடிஎல், ஹைஃபன் பி, ஹைஃபன் யூ ஆடிட்-டி' என்று அடித்தால் (பி, பஸ் என்பதன் பி) இந்தத் தடவை மெஷின் எழுந்ததிலிருந்து அந்தச் சேவை பேசியதெல்லாம் வரும். ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லாக் ஸ்லாஷ் ஜர்னல் என்ற ஃபோல்டர் இல்லாத மெஷின்களில் இந்தப் பேச்சு நினைவகத்தில் மட்டுமே இருக்கும். இன்னொரு தடவை ரீபூட் செய்தால் காரணமே அழிந்துவிடும்.

அடுத்து 'ஆடிட்சிடிஎல் ஹைஃபன் எஸ்'. ரூட்டாக, அதாவது நிர்வாகிக் கணக்கில் அடிக்க வேண்டும். பத்து வரி போல வரும். அதில் நாலைப் பாருங்கள். 'எனேபிள்ட்' என்பது 0 என்றால் கர்னலே வாயை மூடிக்கொண்டிருக்கிறது. 1 என்றால் திறந்திருக்கிறது. 2 என்றால் திறந்திருப்பதோடு விதிகளும் பூட்டப்பட்டிருக்கின்றன, அடுத்த ரீபூட் வரை யாரும் மாற்ற முடியாது. 'பிஐடி' என்பது 0 என்றால் எழுதுகிற டீமன் இல்லை. அப்போது கர்னல் தன் பதிவுகளைப் பொதுவான கர்னல் லாக்கில் கொட்டும். ஆடிட் கோப்பு காலியாக இருக்கும்போது, அந்த லாக்கைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கட்டளையில் ஆடிட் வரிகள் நிறைந்திருந்தால் இதுதான் காரணம். 'லாஸ்ட்' என்பது தொலைந்த பதிவுகளின் எண்ணிக்கை. 'பேக்லாக் லிமிட்' என்பது வரிசையில் எத்தனை பதிவு காத்திருக்கலாம் என்பது. கர்னல் தானாக வைத்துக்கொள்ளும் அளவு 64 தான். பூட் நேரத்தில் அது நிமிடத்தில் வழிந்துவிடும். விதிகளில் 'ஹைஃபன் பி 8192' (இதுவும் பஸ்ஸின் பி) என்று இருந்தாலும் அது டீமன் எழுந்த பிறகுதான் அமலுக்கு வரும். அதற்கு முந்தைய நேரத்துக்கு, பூட் வரியிலேயே 'ஆடிட் சமம் 1', 'ஆடிட் அண்டர்ஸ்கோர் பேக்லாக் அண்டர்ஸ்கோர் லிமிட் சமம் 8192' என்று இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

என் மெஷினில் அன்று 'எனேபிள்ட் 1' என்று இருந்தது. என் விதிகளின் கடைசி வரி 'ஹைஃபன் ஈ 2', அதாவது பூட்டு. எல்லா விதியும் ஏறியிருந்தால் 2 தானே இருக்க வேண்டும்? அந்த ஒற்றை எண்ணை அன்று விடியற்காலையிலேயே பார்த்திருந்தால் பதினோரு நாள் தப்பியிருக்கும்.

சீட்டு எங்கே அறுந்தது

'ஆடிட்சிடிஎல் ஹைஃபன் எல்' என்று அடித்தால் கர்னலில் இப்போது இருக்கும் விதிகள் வரும். 'நோ ரூல்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் காரணம் எளிது: யாரோ ஆடிட்சிடிஎல் கட்டளையால் நேரடியாக விதி போட்டிருப்பார்கள். அது கர்னலின் நினைவில் மட்டும் நிற்கும், ரீபூட்டில் போய்விடும். நிலையாக இருக்க வேண்டிய விதிகளை ஸ்லாஷ் ஈடிசி ஸ்லாஷ் ஆடிட் ஸ்லாஷ் ரூல்ஸ் டாட் டி என்ற ஃபோல்டருக்குள், பெயரின் கடைசியில் 'டாட் ரூல்ஸ்' என்று முடியும் கோப்பில் எழுத வேண்டும். 'டாட் ரூல்' என்று எஸ் இல்லாமல் சேமித்த கோப்பை அது எடுத்துக்கொள்ளாது. பிறகு 'ஆஜென்ரூல்ஸ், ஹைஃபன் ஹைஃபன் லோட்' என்று அடித்தால் (ஆ என்பது ஏ, யூ இரண்டும் சேர்ந்தது) எல்லாக் கோப்புகளையும் பெயர் வரிசையில் சேர்த்து, மேல் ஃபோல்டரில் 'ஆடிட் டாட் ரூல்ஸ்' என்ற ஒரே கோப்பாக்கி ஏற்றும். அந்த ஒரே கோப்பை நேராகத் திருத்துகிறவர்கள் நிறையப் பேர். தானாக உருவாகும் கோப்பு அது. ரூல்ஸ் டாட் டி-யில் இருப்பதை வைத்துத் திரும்ப உருவாகும்போது உங்கள் திருத்தம் போய்விடும்.

எனக்கு 'நோ ரூல்ஸ்' வரவில்லை. நாலு விதி இருந்தது. இருக்க வேண்டியது பதினான்கு. ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்; பாதி இருந்ததால் தப்பிவிட்டது. ஜர்னலைப் புரட்டியதும் பதில் அங்கேயே கிடந்தது. 'எரர் செண்டிங் ஆட் ரூல் டேட்டா ரிக்வெஸ்ட்', 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி', அதன் கீழே 'இத்தனையாவது வரியில் பிழை' என்ற செய்தி. விதிக் கோப்பை ஏற்றும்போது ஒரு வரியில் பிழை வந்தால் ஆடிட்சிடிஎல் அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இருக்கும் எதுவும் ஏறாது. கடைசியில் இருக்கும் பூட்டும் ஏறாது.

பிழை வந்த ஐந்தாவது விதி, விலைக் கோப்புகளைக் கவனிக்கும் விதியேதான்: 'ஹைஃபன் டபிள்யூ, ஸ்லாஷ் டேட்டா ஸ்லாஷ் எடை ஸ்லாஷ் விலை, ஹைஃபன் பி டபிள்யூஏ, ஹைஃபன் கே விலை' (இங்கே பி, பென் என்பதன் பி). டேட்டா என்பது யுஎஸ்பியில் மாட்டிய வெளி டிஸ்க். எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதை 'நோஃபெயில்' என்ற சொல்லோடு போட்டிருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. உப்புக் காற்றில் யுஎஸ்பி முனைகள் சீக்கிரம் பூத்துப்போகும். ஒருநாள் டிஸ்க் தெரியாமல் போனால், நோஃபெயில் இல்லாத மெஷின் பூட்டே ஆகாமல் அவசர நிலையில் போய் நின்றுவிடும். ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு விளைவும் உண்டு. நோஃபெயில் போட்ட டிஸ்குக்காக சிஸ்டம்-டி காத்திருக்காது. மற்ற டிஸ்குகள் மவுண்ட் ஆனதும், அதாவது அதனதன் ஃபோல்டரில் வந்து இணைந்ததும், மேலே போய்க்கொண்டே இருக்கும். ஆடிட்-டியோ மெஷின் எழும்போது மிகத் தொடக்கத்திலேயே எழுகிற சேவை. அது விதிகளை ஏற்றிய நொடியில் யுஎஸ்பி டிஸ்க் இன்னும் சுழலவே தொடங்கவில்லை. டேட்டா என்ற வெறும் ஃபோல்டர் மட்டும் இருந்தது, உள்ளே 'எடை' இல்லை. விதி தோற்றது.

ரீபூட்டுக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக ஓடியதற்கும் காரணம் இதுதான். விதிகளை எழுதிய அன்று டிஸ்க் மாட்டியிருந்த நிலையில் நான் கையால் ஏற்றினேன், ஏறியது. அன்றே ஒரு தடவை ரீபூட் செய்து பார்த்திருக்க வேண்டும்.

இதில் இன்னும் கெட்ட வகை ஒன்று உண்டு. விதி 'ஸ்லாஷ் டேட்டா ஸ்லாஷ் எடை' என்று ஒரு படி குறைவாக இருந்திருந்தால் பிழையே வந்திருக்காது. கவனிக்க வேண்டிய கோப்பு இல்லாவிட்டாலும் அதன் மேல் ஃபோல்டர் இருந்தால் போதும், கர்னல் விதியை ஏற்றுக்கொள்ளும். மேல் ஃபோல்டரான டேட்டா, டிஸ்க் இல்லாமலும் இருக்கிறதே. விதி பட்டியலில் தெரியும், எண்ணிக்கையும் சரியாக வரும். ஆனால் அது கவனிப்பது டிஸ்க் வந்து மூடுவதற்கு முன் அடியில் இருந்த வெறும் ஃபோல்டரை. மேலே மவுண்ட் ஆன டிஸ்கில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் கடைசியில் கோப்பைத் தொட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

நான் சரிசெய்த விதம் இது. டேட்டா டிஸ்கைத் தொடும் மூன்று விதிகளையும் 'ஹைஃபன் ஈ 2' என்ற பூட்டு வரியையும் ரூல்ஸ் டாட் டி-யிலிருந்து எடுத்தேன். ஸ்லாஷ் ஈடிசி ஸ்லாஷ் ஆடிட் ஃபோல்டரிலேயே 'பின்னர் டாட் ரூல்ஸ்' என்று தனிக் கோப்பாக வைத்தேன். ரூல்ஸ் டாட் டி-க்கு வெளியே இருப்பதால் ஆஜென்ரூல்ஸ் அதைத் தொடாது. அந்தக் கோப்பின் உரிமை ரூட்டிடம் இருக்க வேண்டும், மற்றவர்கள் எழுத அனுமதி இருக்கக் கூடாது. இல்லையென்றால் ஆடிட்சிடிஎல் அதை வாசிக்க மறுக்கும். அதில் பெரிய டி (டாக்கின் டி) போட்ட 'ஹைஃபன் டி' வரி வரவே கூடாது. அது முன்னால் ஏறிய விதிகளையெல்லாம் துடைத்துவிடும்.

அப்புறம் ஸ்லாஷ் ஈடிசி ஸ்லாஷ் சிஸ்டம்-டி ஸ்லாஷ் சிஸ்டம் ஃபோல்டரில் சின்னதாக ஒரு சேவைக் கோப்பு. இந்தக் கோப்பில் பகுதிப் பெயர்களிலும், சமம் குறிக்கு இடப்பக்கம் ஒட்டி வரும் ஒவ்வொரு சொல்லிலும் முதலெழுத்து பெரியது. யூனிட் பகுதியில் இரண்டு வரி: 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் சமம் ஸ்லாஷ் டேட்டா', 'ஆஃப்டர் சமம் ஆடிட்-டி டாட் சர்வீஸ்'. 4.0 பதிப்பில் ஆடிட் ஹைஃபன் ரூல்ஸ் சேவையையும் அந்த ஆஃப்டர் வரியில் சேர்க்க வேண்டும். சர்வீஸ் பகுதியில் 'டைப் சமம் ஒன்ஷாட்', 'ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட் சமம் யெஸ்', கடைசியாக எக்ஸெக்ஸ்டார்ட்டில் ஆடிட்சிடிஎல்லின் முழுப் பாதை, பெரிய ஆர் போட்ட 'ஹைஃபன் ஆர்', பின்னர் டாட் ரூல்ஸின் முழுப் பாதை. இன்ஸ்டால் பகுதியில் 'வான்டட்பை சமம் மல்டி-யூசர் டாட் டார்கெட்'. சேமித்து, 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' அடித்து, எனேபிள் செய்யுங்கள். இங்கே எக்ஸெக்ஸ்டார்ட்டுக்கு முன் கழித்தல் குறி போடாதீர்கள். விதி ஏறாவிட்டால் இந்தச் சேவை சிவப்பாக விழ வேண்டும், 'சிஸ்டம்சிடிஎல் ஹைஃபன் ஹைஃபன் ஃபெயில்ட்' பட்டியலில் தெரிய வேண்டும். டிஸ்கே வராவிட்டால் சேவை தொடங்காமலே நிற்கும்; அது அந்தப் பட்டியலில் வராது, ஜர்னலில் 'டிபெண்டன்சி ஃபெயில்ட்' என்று இருக்கும்.

ஆடிட்-டி சேவையிலேயே அந்த ரிக்வயர்ஸ் வரியைப் போட்டால் சுலபமாயிற்றே என்று தோன்றும். அப்படிப் போட்டால் டிஸ்க் தெரியாத நாளில் ஆடிட்டே எழாது. மீதிப் பதினொரு விதியும் போய்விடும். நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க் என்றால் இன்னும் சிக்கல். நெட்வொர்க் எழுவதற்கு முன்னால் எழ வேண்டிய சேவை, நெட்வொர்க்குக்காகக் காத்திருப்பதுபோல் ஒரு சுழல் உண்டாகிவிடும்.

விதிக் கோப்பின் தலையில் 'ஹைஃபன் சி' என்று போட்டால் பிழை வரியைத் தாண்டி மீதியை ஏற்றும், கடைசியில் தோல்வி என்றும் சொல்லும். 'ஹைஃபன் ஐ' போட்டால் பிழைகளைப் பொருட்படுத்தாது, எல்லாம் நலம் என்று முடிக்கும். முதலாவதைப் பயன்படுத்தலாம். இரண்டாவதை நான் எந்த மெஷினிலும் போடுவதில்லை.

ராஸ்பெர்ரி பை மாதிரி ஆர்ம் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்டெல் மெஷினுக்கு எழுதிய விதிகளை அப்படியே கொண்டுவந்தால் 'ஓபன்', 'சிஎச்மாட்', 'ரீநேம்' போன்ற பழைய சிஸ்டம் கால்கள், அதாவது நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள், 64 பிட் ஆர்மில் கிடையாது. 'ஓபன்அட்', 'எஃப்சிஎச்மாட்அட்', 'ரீநேம்அட்' வகைகள்தான் உண்டு. பெயர் தெரியாத வரியில் ஏற்றுதல் நின்றுவிடும். அறிகுறி இதே பாதிச் சீட்டுதான்.

எழுதுகிறவர் எழவில்லை என்றால்

'பிஐடி 0' என்று வந்தால் முதலில் 'சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்ட் ஆடிட்-டி' கேளுங்கள். 'டிசேபிள்ட்' என்றால் எனேபிள் செய்து தொடங்கினால் முடிந்தது. எனேபிள் ஆகியும் எழவில்லை, சிவப்புப் பிழையும் இல்லை, 'கண்டிஷன்' ஏதோ பொருந்தவில்லை என்று மட்டும் நிலை வந்தால், ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் சிஎம்டிலைன் கோப்பைப் பாருங்கள். அதில் 'ஆடிட் சமம் 0' இருக்கும். வேகம் கூடும் என்று யாரோ எப்போதோ போட்டிருப்பார்கள். அது இருக்கும்வரை சேவை தன்னைத் தானே தவிர்த்துக்கொள்ளும். கையால் தொடங்கியும் பயனில்லை, அடுத்த ரீபூட் வரை கர்னல் இசையாது. ரெட் ஹாட் குடும்பத்தில் (ஆல்மாவும் அதில்தான்) 'கிரப்பி' கட்டளையால் அதை எடுத்துவிட்டு 'ஆடிட் சமம் 1' சேருங்கள். உபுண்டுவில் ஸ்லாஷ் ஈடிசி ஸ்லாஷ் டிஃபால்ட் ஸ்லாஷ் கிரப் கோப்பைத் திருத்தி 'அப்டேட்-கிரப்'.

சிவப்பாக விழுந்தால் பெரும்பாலும் ஆடிட்-டி டாட் கான்ஃப் கோப்பில் பிழை. நான் அதிகம் பார்த்தது, 'ஸ்பேஸ் லெஃப்ட்' எண்ணைக் குறைத்துவிட்டு 'அட்மின் ஸ்பேஸ் லெஃப்ட்' எண்ணை அப்படியே விடுவது. முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் டீமன் வெளியேறிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பைத் திருத்தியவருக்கு இது தெரியாது. பல வாரம் கழித்து வரும் ரீபூட்டில்தான் வெடிக்கும். லாக்கை வேறு டிஸ்குக்கு மாற்றியவர்கள், எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸின் முத்திரையையும் பார்க்க வேண்டும். வழக்கமான ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லாக் ஸ்லாஷ் ஆடிட் இடத்துக்கு 'ரிஸ்டோர்கான், ஹைஃபன், பெரிய ஆர், சின்ன வி' போதும்.

திரும்பத் தொடங்கும்போது ரெட் ஹாட் குடும்பத்தில் 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' மறுக்கப்படும். 'சர்வீஸ் ஆடிட்-டி ரீஸ்டார்ட்' என்ற பழைய வழியில் அடிக்க வேண்டும். அது சும்மா வைத்த தடையில்லை. அந்த வழியில் அடித்தால்தான் நிறுத்தச் சொன்னது யார் என்ற லாகின் எண்ணும் பதிவில் ஏறும்.

உட்கார்ந்திருக்கிறார், எழுதவில்லை

சேவை ஓடுகிறது, விதிகள் முழுசாக இருக்கின்றன, ஆனால் கோப்பு வளரவில்லை. 'டிஎஃப் ஹைஃபன் எச்' அடியுங்கள். லாக் இருக்கும் டிஸ்கில் இடம் 50 எம்பிக்குக் கீழே போனால், வழக்கமான அமைப்பில் ஆடிட்-டி 'சஸ்பெண்ட்' நிலைக்குப் போய்விடும். டீமன் உயிரோடு இருக்கும், எழுதாது. இடம் காலி செய்தாலும் அதுவாக எழுதத் தொடங்காது. 'சர்வீஸ் ஆடிட்-டி ரெஸ்யூம்' அடிக்க வேண்டும், அல்லது ரீஸ்டார்ட். கரண்ட் வெட்டில் அணைந்த மெஷினில் பிழையால் டிஸ்க் ஓட்டத்தின் நடுவில் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறினாலும் இதே கதி. டிஸ்க் பிழைக்கும் வழக்கமான நடவடிக்கை சஸ்பெண்ட்தான். 'மவுண்ட்' பட்டியலில் 'ஆர்ஓ' இருக்கிறதா என்று பாருங்கள்.

இதோடு சேர்த்து அளவையும் சரிசெய்துவிடுங்கள். வழக்கமான அமைப்பு 8 எம்பி கோப்புகள் ஐந்து, மொத்தம் 40 எம்பி. கொஞ்சம் வேலை இருக்கும் மெஷினில் சில நாளிலேயே பழையது அழிந்துவிடும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. நான் 20 எம்பி கோப்புகள் 50 என்று வைத்து, வாரம் ஒருமுறை வெளியே நகல் எடுக்கிறேன்.

இன்னொன்று, பதிவு இருந்தும் இல்லாததுபோல் தெரிவது. தொண்டிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. கரண்ட் போய் வந்ததும் மெஷினின் தேதி பின்னால் போய்விட்டது. மழையில் இன்டர்நெட்டும் இல்லாததால் நேரம் தானாகத் திருந்தவில்லை. ஆடிட் எழுதிக்கொண்டேதான் இருந்தது, பழைய தேதியில். லாக்கில் தேடும் 'ஆசெர்ச்' கட்டளையை (இங்கும் ஆ என்பது ஏ, யூ) 'ஆசெர்ச், ஹைஃபன் டிஎஸ் டுடே' என்று இன்றைய தேதியில் ஓட்டினால் எப்படிக் கிடைக்கும்? தேதி கொடுக்காமல் லாக்கின் வாலை நேராகப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குள் இரண்டு எண் இருக்கும். முதலாவது 1970 முதல் எண்ணிய விநாடிகள். 1700000000 என்று இருந்தால் நம் நேரப்படி 2023 நவம்பர் 15 அதிகாலை 3:43. முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது வரிசை எண். அது ஒவ்வொரு ரீபூட்டிலும் தொடக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கும். தேதி பொய் சொன்னாலும், பெரிய எண்ணிலிருந்து திடீரென்று சின்ன எண்ணுக்கு இறங்கும் இடம்தான் ரீபூட் நடந்த இடம். பேட்டரியை மாற்றினோம். கடலோரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேட்காமலே மாற்றிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

விதிகளில் 'ஹைஃபன் ஏ நெவர் கமா டாஸ்க்' என்ற வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபெடோராவில் அது வழக்கமாகவே வரும். அது இருக்கும்போது எழுந்த எந்த நிரலின் சிஸ்டம் கால்களும் பதிவாகாது, வரியை எடுத்த பிறகும் அந்த நிரல் திரும்பத் தொடங்கும்வரை.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

விதி கவனிக்கும் ஃபோல்டரில் 'டச்' கட்டளையால் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். 'ஆசெர்ச், ஹைஃபன் கே விலை, ஹைஃபன் ஐ' என்று தேடுங்கள். உங்கள் பெயரும் நேரமும் வர வேண்டும். வந்ததா? இப்போது ரீபூட் செய்து, திரும்ப அதையே செய்யுங்கள். ஒருநாள் வேலை முடிந்த பிறகு, மெஷினை ஒழுங்காக மூடிவிட்டு, யுபிஎஸ்ஸையும் அணைத்து, வெளி டிஸ்கைக் கழற்றி வைத்து ஒருமுறை பூட் செய்து பாருங்கள். அந்த நிலையில் எத்தனை விதி ஏறுகிறது என்று தெரிந்திருந்தால் பின்னால் நடுராத்திரியில் தடுமாற வேண்டியதில்லை. இதெல்லாம் செய்தும் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே லாகினில் வேலை செய்தால் பயனில்லை. ஆடிட் சொல்வது லாகின் செய்த கணக்கை. சூடோ போட்டு ரூட்டாக மாறினாலும் அந்த அடையாளம் மாறாது. ஆளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள்.

மெஷின் அணைந்திருந்த இடைவெளியையும் எழுதி வையுங்கள். 'ஆசெர்ச், ஹைஃபன் எம், டீமன்-ஸ்டார்ட் கமா டீமன்-எண்ட்' என்று இரண்டையும் அண்டர்ஸ்கோரோடு, முழுக்கப் பெரிய எழுத்தில் கொடுத்தால் டீமன் எழுந்த நேரமும் படுத்த நேரமும் வரும். எண்ட் இல்லாமல் ஸ்டார்ட் மட்டும் வந்தால் ஒழுங்காக மூடாமல் அணைந்தது, பெரும்பாலும் கரண்ட் வெட்டு. நான் அதை ஒரு நீல அட்டை நோட்டில் தேதியோடு குறித்துவருகிறேன்.

நண்டுக் கம்பெனியில் ராத்திரி இருப்பவர் வாட்ச்மேன் ஐயா ஒருவர்தான். அவருக்காக 'பார்' என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதை மட்டும் ஓட்ட அனுமதி கொடுத்திருக்கிறேன். அது இரண்டு எண்களைப் பெரிதாகக் காட்டும்: விதிகளின் எண்ணிக்கை, எனேபிள்ட் எண். எண்ணிக்கையை வரிகளை எண்ணி எடுப்பதால் ஒரு கவனம் தேவை: 'நோ ரூல்ஸ்' என்பதும் ஒரு வரிதான், 1 என்று வந்தால் அது 0 ஆக இருக்கலாம். கரண்ட் வந்ததும் ஐயா அதை ஓட்டிவிட்டு எனக்குப் போன் செய்வார்.

மாசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டார். "தாயி, கரண்ட் வந்துருச்சு. பதினொண்ணு, ஒண்ணு."

பதினொன்று என்றால் முதல் கட்டம் ஏறிவிட்டது, பின்னர் கோப்பு ஏறவில்லை. ஒன்று என்றால் பூட்டும் விழவில்லை. டிஸ்க்தான். யுஎஸ்பி ஒயரைப் பிடுங்கி, முனையைத் துணியால் துடைத்து, பக்கத்துத் துளையில் மாட்டச் சொன்னேன். "முனையெல்லாம் பச்சையாப் பூத்துக் கெடக்கு தாயி" என்றார். நான் இங்கிருந்து டிஸ்கை மவுண்ட் செய்து, அந்தச் சின்னச் சேவையைத் தொடங்கினேன். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.

"பதினாலு, ரெண்டு."

நோட்டில் எழுதிவிட்டுப் படுத்தேன். காலையில் புது ஒயர் வாங்கிக்கொண்டு போனேன்.